மாடிக்கு ஏறிய வாசனை

“இப்பவாவது வாசனை நின்னுச்சாக்கா? எங்க மூக்கு வார்னிஷ்லயே ஊறிப்போனது, ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்!”

பட்டறை வாசலில் மூச்சு வாங்க வந்து நின்ற மாடிவீட்டுக்காரியிடம் தங்கை கேட்டாள். மாடிவீட்டுக்காரிக்கு இது ஏழாம் மாதம்.

“நிக்கிறதாவது! முந்தாநேத்து இருந்ததைவிட இன்னிக்கு ஜாஸ்தி. வயித்தைப் புரட்டுது.”

உள்ளே நாற்காலிக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்த அண்ணன் ஸ்ப்ரேயை நிறுத்தினான். இன்னொரு புகார் வந்தால் பட்டறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று கட்டடச் சொந்தக்காரர் சொல்லியிருந்தார்.

“போச்சு! உன் கடலைத்தோல் கரியை நம்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்.”

“ஏதோ அடுப்புக்கரின்னு நெனச்சுப் பேசாதண்ணா. காத்துப் படாம கருக்கி, நீராவி விட்டு மறுபடியும் சுட்டெடுத்தது. ஒவ்வொரு துணுக்குலயும் கண்ணுக்குத் தெரியாத பொந்து எக்கச்சக்கம். வாசனை அதுக்குள்ள போய் ஒட்டிக்கும்.”

“ஒட்டுச்சு! நேரா அக்கா வீட்டுல போய் உக்காந்திருக்கு.”

தங்கை ஸ்டூலில் ஏறி, காற்றை வெளியே தள்ளும் ஃபேனுக்கு முன்னால் நேற்று மாட்டிய கரிப்பெட்டியைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். எங்கும் இடுக்கு இல்லை. அவள் முகம் தொங்கிப் போயிற்று.

“உங்க வீட்டுக்காரர் என்னக்கா சொல்றார்?”

“அவரா? ‘எனக்கு ஒண்ணும் வரலையே’ங்கிறார். அந்த மனுஷனுக்கு மூக்கு இருக்கிறதே கண்ணாடி மாட்ட மட்டும்தான். நான் சாயங்காலம் கட்டடச் சொந்தக்காரருக்குப் போன் போடத்தான் போறேன், கோச்சுக்காதீங்க.”

அவள் படியேறிப் போனாள்.

“விடு, வேற இடம் பாப்போம்” என்று அண்ணன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினான். தங்கை பெட்டியின் திருகாணிகளைக் கழற்றினாள்.

அப்போது பின்கதவு மெல்லத் திறந்தது. மாடிவீட்டுக்காரியின் கணவர் தலையை மட்டும் நீட்டினார்.

“அவ போயிட்டாளா? ஒரு டம்ளர் வார்னிஷ் குடுங்களேன். பொறக்கப்போற குழந்தைக்கு ஒரு தொட்டில் செஞ்சு, நேத்துலேருந்து மொட்டைமாடியில திருட்டுத்தனமா வார்னிஷ் அடிச்சிட்டிருக்கேன். கடைசிப் பூச்சுக்குப் பத்தல. அவகிட்ட மூச்சு விட்டுடாதீங்க... நல்லவேளை, வாசனை உங்க பட்டறையிலேருந்துதான் வருதுன்னு நம்பிட்டிருக்கா!”