கடைசிக் குப்பி

“ஒரு வீட்டுக்கு ஆகிற கரண்ட்டை இந்த ஃப்ரீசர் ஒண்ணே குடிக்குது மேடம், காலி பண்ணிடலாம்” என்று ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த செல்வின் சொன்னபோது பூங்கோதை மறுக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே உறைய வைத்த ரத்த மாதிரிகள்தான் எல்லாம். வருஷக்கணக்காக ஒன்றைக்கூடச் சோதிக்கவில்லை. கடைசிக் குப்பியின் பனியைக் கட்டைவிரலால் துடைத்தாள். சீட்டில் பெயர் தெரிந்தது: பேச்சியம்மாள். ஊசி ஏறும்போது, “எம்புள்ளையக் கொண்டுபோன நோவு இதுல தெரிஞ்சிருமா தாயி?” என்று கேட்டவள். தெரிந்துவிடும் என்று சொன்னவள் இவள்.

“அதையும் போட்டுடுங்க மேடம்.” செல்வின் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையை விரித்துப் பிடித்தான்.

பூங்கோதை விரல்களை மூடிக்கொண்டாள். உள்ளங்கைச் சூட்டில் ரத்தம் மெல்ல இளகியது, இப்போதுதான் எடுத்ததுபோல.