சத்தம் போடும் கீபோர்டு

"இந்த மெக்கானிக்கல் கீபோர்டு வேண்டாம்மா. தட்டுற சத்தம் ஊரைக் கூட்டிடும்" என்றார் கடைக்காரர். ஒரேயடியாக எட்டு கீபோர்டு விற்க அவருக்கும் ஆசைதான். ஆனால் விற்றது திரும்பி வந்தால் யார் பதில் சொல்வது?

அவள் கண்ணை மூடிக்கொண்டு நாலு வரி அடித்துப் பார்த்தாள். "எழுத்து பதிஞ்சதும் விரலுக்கே தெரியுது சார். ஒரு பட்டன் போனா அதை மட்டும் மாத்திக்கலாம் இல்லையா?"

"மாத்திக்கலாம். ஆனா உங்க ஆபீஸ்ல எட்டு பேரும் ஒரே அறையில தட்டினா, பக்கத்து சீட்டுக்காரங்களே சண்டைக்கு வருவாங்க."

"இதுக்கெல்லாம் வர மாட்டாங்க."

"அவ்வளவு பொறுமைசாலிங்களா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "பொறுமையா? ஜன்னலைத் திறக்கறதா மூடறதான்னு தினமும் மல்லுக்கு நிப்போம். ஆனா எங்க எட்டு பேருக்குமே காது கேட்காது சார். நீங்க பேசறதைக்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கறேன்."

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் அவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மேலுதட்டைப் பாதி மறைத்த மீசையை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டுக்கொண்டு, நிதானமாகக் கேட்டார்.

"எந்தக் கலர்ல வேணும்மா?"