கோகிலன் கண்டுபிடித்த குறை

சாப்பிட்டு, தே தாரேக் தேநீரும் குடித்துவிட்டுக் கழிவறைக்குப் போன கோகிலன், வழியில் கண்ட காட்சியில் அப்படியே நின்றுவிட்டார்.

பாத்திரம் கழுவும் இடத்தில் கடை முதலாளி ஹாஜரா அக்கா எச்சில் தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு தட்டிலிருந்து கணவாய் மீன் துண்டுகளைப் பொறுக்கினார். விரலால் அழுத்தினார், மோந்து பார்த்தார், பிறகு பத்திரமாக ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தார்.

கோகிலனுக்கு மூக்கில் வியர்த்தது. பாயான் பாரு பகுதியில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி அவர். குறை கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் ரசத்தில் உப்பைத்தான் சோதிப்பார். சத்தமில்லாமல் கைப்பேசியை எடுத்து இருபது விநாடி வீடியோ பிடித்தார்.

மேசைக்குத் திரும்பியதும் உடன் வேலை செய்யும் லைலாவிடம் அதைக் காட்டினார். நான்கு வருடமாக இந்த நாசி கண்டார் சோற்றுக்கடையில் சாப்பிடுகிறோம், நாம் சாப்பிட்டதெல்லாம் யார் மிச்சம் வைத்ததோ என்று பொருமினார். முகநூலில் போட்டால் சாயங்காலத்துக்குள் கடைக்குப் பூட்டு விழும் என்றார். விரல் ஏற்கெனவே பொத்தானுக்கு மேலே நின்றது.

"இருங்க அண்ணே," என்றாள் லைலா. "ஃபேக்டரியில மெஷின் ஓட்டுறவங்கள ஒரு வார்த்தை கேக்காம ரிப்போர்ட் எழுதுவீங்களா? இங்க மட்டும் என்னா அவசரம்?"

அது நியாயம்தான். நியாயம் என்பதாலேயே கோகிலனுக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. கல்லாவுக்குப் போய் வீடியோவை அக்காவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அக்கா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுவதையும் நிதானமாகப் பார்த்தார். பதறவில்லை. மிச்சம் விழுந்ததெல்லாம் எண்ணிக் குறித்ததும் குப்பைக்குத்தான் போகிறது, வேண்டுமானால் நின்று பாருங்கள் என்றார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பிரித்து வைத்தார்.

தேதி வாரியாகக் கோடு போட்டிருந்தது. கோழி, ஆடு, மீன் சினை, வெண்டைக்காய் என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை தட்டில் மிச்சம் விழுந்தது, ஏன் விழுந்தது, உப்பா, முள்ளா, வேகவில்லையா என்று எல்லாம் எழுதியிருந்தது. கோகிலனின் தொழிற்சாலையில் இதே கணக்கைப் போட ஒரு கணினியும் மூன்று பட்டதாரிகளும் இருக்கிறார்கள்.

"நம்ம ஆளுங்க நேரா குறை சொல்ல மாட்டாங்க தம்பி," என்றார் அக்கா. "எப்படி இருக்குன்னு கேட்டா, நல்லா இருக்குக்கான்னு சொல்வாங்க. மறுநாளு அடுத்த கடையில நிப்பாங்க. அதனால நான் வாயக் கேக்குறதில்ல. தட்டத்தான் பாக்குறது."

கோகிலனுக்கு முகம் சுருங்கிப்போனது. ஒரு நல்ல மனுஷியின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தோமே என்று நிஜமாகவே வெட்கமாக இருந்தது. வீடியோவை அவர் கண் முன்னாலேயே அழித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்," என்றார் அக்கா. "நீங்க வீடியோ பிடிச்சீங்களே, அது உங்க தட்டுதான்."

கோகிலன் திரும்பித் தன் மேசையைப் பார்த்தார்; தட்டை எப்போதோ எடுத்துவிட்டிருந்தார்கள்.

அக்கா நோட்டில் பழகிய வாடிக்கையாளர்களுக்கான பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். நான்கு வருடத்தில் கோகிலன் கணவாயில் ஒரு துண்டுகூட விட்டதில்லையாம். இரண்டு வாரமாக அப்படியே தொடாமல் வைத்துவிட்டுப் போகிறாராம். பழகிய வாடிக்கையாளரே தொடவில்லை என்றால் பண்டத்தில்தான் பழுது என்று அக்கா முடிவு கட்டியிருக்கிறார். முதலில் வேகவைக்கும் நேரத்தைக் குறைத்துப் பார்த்தார். பிறகு மசாலாவை மாற்றினார். அதற்கும் கோகிலனின் தட்டில் மிச்சம் குறையாததால், ஒன்பது வருடமாகக் கணவாய் கொடுத்துக்கொண்டிருந்த மீன்காரர் முனுசாமியையே போன திங்கட்கிழமை நிறுத்திவிட்டார். அவர் தொங்கிய முகத்தோடு போனதை நினைத்தால் இன்னும் மனசு கேட்கவில்லை என்றார்.

"ஆளு மாத்தி நாலு நாளாச்சு. அப்பவும் இன்னிக்கு மிச்சம் வச்சிருக்கீங்க. உண்மையச் சொல்லுங்க தம்பி, என் கணவாய்ல என்னா குறை?"

கோகிலனின் கை தானாக இடது கன்னத்துக்குப் போனது.

பின்னாலேயே வந்து நின்ற லைலாதான் முதலில் புரிந்துகொண்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள்.

மெல்ல மெல்ல உண்மை வெளியே வந்தது. இரண்டு வாரமாகப் பல்வலி. கணவாயைக் கடித்தால் உயிர் போகிறது. பல் டாக்டரிடம் போகப் பயம். கணவாய் வேண்டாம் என்று சொல்லலாம்தான், ஆனால் பரிமாறுகிறவர் இவர் முகத்தைப் பார்த்ததுமே அள்ளி வைத்துவிடுகிறார், ஆசையாக வைப்பவரிடம் எப்படி வேண்டாம் என்பது? அக்கா தினமும் எப்படி தம்பி என்று கேட்டபோதெல்லாம், நல்லா இருக்குக்கா என்றே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினார்.

"முனுசாமி அண்ணே, கோவிச்சுக்காதீங்க, நாளையிலருந்து பழையபடி கணவாய் கொண்டாங்க. பழுது உங்க சரக்குல இல்ல, ஊரு பூரா குறை கண்டுபிடிக்கிற ஒரு ஆபீசரோட கடவாப்பல்லுல."