குளத்தில் விழுந்த பந்து

டொக்டர் திவாகரன் அடித்த பந்து எழும்பவேயில்லை. புல்லை உரசிக்கொண்டே போய்த் தொபுக்கென்று குளத்தில் விழுந்தது.

"தப்பு என்னோடது சேர். ஆறாம் நம்பர் மட்ட தந்திருக்கணும், ஏழக் குடுத்திட்டேன்" என்றேன்.

என் தப்பு ஒரு மண்ணும் இல்லை. கொடிக்கு நூற்றிமுப்பது யார்ட் தூரம். காற்றும் இல்லை. அதற்கு ஏழாம் நம்பர் மட்டைதான் சரி. மட்டை பந்தில் படுவதற்கு முன்பே மனுசன் தலையைத் தூக்கிவிட்டார். பந்து எங்கே போகிறதென்று பார்க்க அவ்வளவு அவசரம்.

கொல்ஃப் பை தூக்குகிறவன் அதையெல்லாம் சொல்லமாட்டான். நல்ல அடி என்றால் அது சேருடைய கை. கெட்ட அடி என்றால் நான் எடுத்துக் கொடுத்த மட்டை. திகன பக்கத்து மைதானத்தில் பை தூக்குகிற எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வதுதான் இது. குட்மோர்னிங் சொல்கிற மாதிரி.

வேறு நாள் என்றால் அத்தோடு போயிருக்கும். இன்றைக்குக் குளக்கரையில் மைதானத்துச் செயலாளர் மஹ்ரூப் சேர் கையில் ஃபைலோடு நின்றிருந்தார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு கொல்ஃப் பழக்க ஓர் ஆள் வேண்டுமாம். நிரந்தர வேலை. பை தூக்குகிறவர்களிலேயே ஒருவரை எடுப்பது என்று பேசி, கடைசியில் என் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. காலையில் என் மனைவி நிஷாந்தினி என் கால்சட்டையை இரண்டு தடவை அயன் பண்ணினாள். "இனிமே அந்தச் சனியன் பையத் தூக்காதீங்க" என்றாள். நானும் சிரித்துக்கொண்டுதான் வந்தேன்.

சும்மா ஆசைப்படவில்லை. யாரோ உடைத்து எறிந்த மட்டைக்குக் கொய்யாக் கம்பில் பிடி கட்டி, மடுல்கெல்லையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து விளையாட்டுத் திடலில் தினமும் விடியக்காலையில் நூறு அடி அடித்தவன் நான். பதினொரு வருசம். உள்ளங்கை உரிந்து, காய்த்து, இப்போது ஊசி குத்தினாலும் தெரியாது. திங்கட்கிழமைகளில் எங்களையும் ஆட விடுவார்கள். அன்றைக்கு என்னோடு போட்டிக்கு வர ஆள் கிடையாது.

டொக்டருடைய ஆட்டத்தைத் தேற்றியதும் நான்தான். அவருடைய பந்தில் பேனாவால் ஒரு புள்ளி வைத்து, "அந்தப் புள்ளியப் பாத்து அடிங்க சேர், ராசி" என்பேன். புள்ளியைப் பார்க்கிறவர் தலையைத் தூக்கமாட்டார். இன்றைக்குச் செயலாளரைக் கண்ட பதற்றத்தில் புள்ளி வைக்க மறந்துபோனேன்.

"டொக்டர், இவர் நல்லா வெளயாடுவார், நான் கண்டீக்கிறேன்" என்றார் மஹ்ரூப் சேர். "புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்க ஏலுமா? எட்டு வருஷமா ஒங்களோட ஈக்கிறாரே, நீங்க சொல்லுங்க."

"ஓம், நல்ல ஆள். நேரத்துக்கு வருவான்" என்றார் டொக்டர். "ஆனா உள்ளதைச் சொல்லோணும். எந்தத் தூரத்துக்கு எந்த மட்டை எண்டதுதான் இவனுக்குப் பிடிபடேல்லை. நானில்லை, அவனே ஒவ்வொரு நாளும் சொல்லுறான்."

அட கடவுளே!

அவர் முகத்தில் துளி வஞ்சகம் இல்லை. அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். எட்டு வருசமாக மனுசன் அதை நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்.

"மெய்யா, லெச்சுமணன்?"

ஆமாம் என்றால் வேலை போச்சு. வாயைத் திறந்தேன்.

"இல்ல சேர். நான் குடுத்த மட்ட எல்லாம் சரியான மட்டதான். அடிக்கிறப்ப சேர் தலையத் தூக்கிடுறாரு. அவரு மனசு நோகக்கூடாதுன்னுதான் தப்பு என்னோடதுன்னு சொல்றது. நாங்க எல்லாருமே அப்படித்தான் சொல்லுவோம்."

டொக்டர் தொப்பியைக் கழற்றினார். காது இரண்டும் சிவந்திருந்தன. கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் கேட்டார்.

"அப்ப எட்டு வருசமா எனக்குப் பொய்யோ சொன்னனீ?"

பொய்தானே.

மஹ்ரூப் சேர் என்னைப் பார்க்காமல் ஃபைலை மூடினார்.

"புள்ளைகள நம்பி ஒப்படைக்கிற வேல, லெச்சுமணன். வேற ஆளப் பாப்பம்."

அவ்வளவுதான். தெரியாது என்றாலும் வேலையில்லை, தெரியும் என்றாலும் வேலையில்லை. இந்தக் கால்சட்டையோடு வீட்டுக்குப் போய் அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

டொக்டர் பையிலிருந்து தானே ஏழாம் நம்பரை உருவினார். தானே ஒரு பந்தைப் போட்டார். புள்ளியும் இல்லை, ராசியும் இல்லை. அடித்து முடிந்த பிறகும் தலையைத் தூக்கவில்லை. முழுசாக மூன்று வினாடி, வெறும் புல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பந்து குளத்தைத் தாண்டிப் போய்க் கொடிக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்தது. எட்டு வருசத்தில் அவர் அப்படி ஒன்று அடித்து நான் பார்த்ததில்லை. அவருக்கு நான் மறைக்காமல் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். ஒரே நிமிசத்தில் படித்துவிட்டார்.

"மாஷா அல்லாஹ்!" என்று கை தட்டினார் மஹ்ரூப் சேர். "இது அடி, டொக்டர்!"

டொக்டர் மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மகன் லண்டனிலையிருந்து அனுப்பினவன். நல்ல சாமான். இப்பதான் கைக்குப் பழகுது."