இல்லாத டிஸ்க்

“இவன் கையை மட்டும் நல்லாப் பாத்துக்கோ. ஏதாவது காணாமப் போச்சுன்னா நீதான் எனக்குப் பதில் சொல்லணும்.” மனைவியிடம் இப்படிச் சொல்லிவிட்டு, அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

மெக்கானிக் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்து மேசைமேல் வைத்தான். நாலு வருஷம் கழித்து அக்கா வீட்டுப் படியேறியவனுக்குக் கிடைத்த வரவேற்பு இது.

அத்தான் ஒரு கம்பெனியில் ஸ்டோர் மேனேஜர். மச்சினனை அங்கே கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். புது ஹார்ட் டிஸ்க் ஒன்று காணாமல் போனதும், முன்பின் விசாரிக்காமல் அவன் பேரை எழுதிக் கொடுத்து வெளியே தள்ளியவரும் அவர்தான். அதற்குப் பிறகு எந்தக் கம்பெனியும் அவனைச் சேர்க்கவில்லை. வீடு வீடாகப் போய் ரிப்பேர் பார்க்கிறான். தொலைந்த அந்த டிஸ்க்கின் நம்பரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

“மூணு வாரமா இந்தப் பாடுதான்” என்றார் அத்தான், சுவரைப் பார்த்துக்கொண்டு. “ஆன் பண்ணினா முழுசா ஏழு நிமிஷம் திரை கறுப்பாவே கிடக்குது. ஒன்பது மணிக்குள்ள ஸ்டாக் ரிப்போர்ட் போகணும். தினமும் மேலிடத்துல திட்டு. ரெண்டு பேர் வந்து பாத்தாங்க. புதுசு வாங்கிக்கங்கன்னு கையை விரிச்சுட்டாங்க.”

“தம்பியைக் கூப்பிடலாம்னு நான்தான் சொன்னேன்” என்றாள் அக்கா.

“வேற வழியில்லாம ஒத்துக்கிட்டேன். அதையும் சொல்லு.”

மெக்கானிக் கம்ப்யூட்டரை ஆன் செய்தான். தொடங்கும்போதே அதன் செட்டிங்ஸுக்குள் நுழைந்து பார்க்க வேண்டும். அவன் கை நீட்டுவதற்குள் அக்கா குனிந்து அதற்கான எஃப் டூ பட்டனைத் தட்டிவிட்டாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் படித்த காலத்தில், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடம் ஒப்பிக்கச் சொல்லி, ஒரு வார்த்தை பிசகினாலும் தலையில் குட்டியவள் அவள்.

“ஏய், அதைத் தொடாதே. உனக்கு அடுப்பைத் தவிர என்ன தெரியும்?” என்றார் அத்தான்.

கோளாறு உடனே தெரிந்துவிட்டது. உள்ளே மாட்டியிருப்பது ஒரே டிஸ்க். திரையில் வந்த பட்டியலிலோ இரண்டு இருந்தன. இல்லாத இரண்டாவது டிஸ்க்கைத் தினமும் தேடித் தேடி அலுத்துப்போன பிறகுதான் கம்ப்யூட்டர் கண் விழிக்கிறது.

“இதுல எப்பவாவது இன்னொரு டிஸ்க் மாட்டிக் கழட்டினீங்களா?”

“வாங்கின நாள்லேர்ந்து ஒண்ணுதான்.”

இரண்டாவது டிஸ்க்கின் பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நீளமான நம்பர் இருந்தது. மெக்கானிக் அதைப் படித்தான். மறுபடியும் படித்தான்.

“அத்தான், இந்த நம்பரைக் கொஞ்சம் வாய்விட்டுப் படிங்க.”

படிக்க ஆரம்பித்தவரின் குரல் பாதியில் நின்றது. அக்கா அலமாரியைத் திறந்தாள். அவர் அன்று எழுதிய புகாரின் நகலைப் புடவைகளுக்கு அடியிலிருந்து எடுத்து வந்து மேசைமேல் விரித்தாள். ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை.

“இது... இது எப்படி இங்க வந்துச்சு? சத்தியமா எனக்குத் தெரியாது!”

“திருடனெல்லாம் இப்படித்தான் சத்தியம் பண்ணுவான்” என்றான் மெக்கானிக் நிதானமாக. “நான் சொல்லலை. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நீங்க சொன்னது.”

நாலு வருஷமாக நெஞ்சில் வைத்துப் பொத்திக் காத்த வார்த்தை. திருப்பிக் கொடுத்தபோது அவனுக்கு இனித்தது. செல்போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தான்.

“இதை உங்க மேலிடத்துக்கு அனுப்பட்டுமா, இல்ல நீங்களே எழுதித் தர்றீங்களா?”

“வேண்டாம்ப்பா. அடுத்த மாசம் எனக்கு ப்ரமோஷன். பிள்ளைங்க இருக்கு. என் மானத்தை வாங்கிடாதே.”

“எனக்கு மட்டும் மானம் இல்லையா, அத்தான்?”

அக்கா பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள். கணவனின் முகத்தை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ‘டிஸ்க் காணாமல் போனதற்கும் என் மைத்துனருக்கும் சம்பந்தமில்லை. விசாரிக்காமல் நான் கொடுத்த புகார் தவறு’ என்று எழுதினார் அத்தான். கையெழுத்துப் போடும்போது பேனா இரண்டு முறை நின்றது.

மெக்கானிக் அந்த நம்பரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி ஆன் செய்தான். அரை நிமிஷத்தில் திரை பளிச்சென்று வந்தது. கூலி எவ்வளவு என்று கேட்கும் தைரியம் அத்தானுக்கு இல்லை.

கேட் வரை அக்கா கூடவே வந்தாள். சட்டைப் பையிலிருந்த கடிதத்தை அவன் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். நாலு வருஷப் பாரம் அன்றுதான் இறங்கியிருந்தது.

“பல நாள் திருடன் ஒரு நாள் அகப்படுவான்னு சும்மாவா சொன்னாங்க? அவரு வாயைத் திறக்கலேன்னாலும் அவரு கம்ப்யூட்டரே காட்டிக் குடுத்துடுச்சு பாத்தியா, அக்கா!”

அக்கா கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு அவன் காதருகே வந்து குரலைத் தாழ்த்தினாள்.

“நம்பர் அடிச்சதுல தப்பு ஒண்ணும் இல்லையே, தம்பி?”