மூன்றடி

"உங்க தையல் ரூம் மூணடி என் இடத்துக்குள்ள வந்திருக்குங்க."

"அப்படியா? கத்தரி தரேன், வெட்டி எடுத்துட்டுப் போங்க!"

மூன்று வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுக் கடிகாரக்காரரோடு வேலியோரம் நடந்த அந்தப் பேச்சு தையல்காரியின் காதில் இன்னும் ஒலிக்கிறது. துடுக்காகப் பேசிவிட்டாளே தவிர, உள்ளூரப் பயம்தான். அந்த ஓர் அறைதான் அவளுக்குப் பிழைப்பு, தூங்குவதும் அங்கேதான்.

அடுத்த வாரமே சர்வேயர் வந்து அளந்தார். அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்துவிட்டாள். முடிவைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

கடிகாரக்காரரும் அதைச் சொல்லவில்லை. தனிக்கட்டை மனிதர். ஞாயிறுதோறும் வரைபடத்தோடு வருவார். "எல்லை விஷயமா பேசணும்" என்பார். பட்டன் அறுந்த சட்டையொன்றை நீட்டுவார். தைத்து முடித்ததும், "சரி, அடுத்த வாரம் பேசிக்கலாம்" என்று எழுந்துவிடுவார்.

துணியில் கோடு போடும்போதெல்லாம் அவளுக்கு எல்லைக்கோடுதான் நினைவு வரும். கனவில் அந்த வெள்ளைக் கோடு துணியைவிட்டு இறங்கி, மெஷினைச் சுற்றிக்கொண்டு, ஜன்னல் வழியே மிதந்து போகும். பிடிக்க ஓடுவாள். எதிரே அவர் நிற்பார், பட்டனில்லாத சட்டையோடு.

இந்த ஞாயிறும் வந்தார். திரைச்சீலையில் வெயில் தண்ணீர்போல் அசைந்துகொண்டிருந்தது.

"உங்க வீட்டுப் பட்டனெல்லாம் ஞாயித்துக்கிழமை பார்த்துத்தான் அறுமோ?"

அவர் போட்டிருந்த சட்டையின் அறுந்த பட்டனை நீட்டினார்.

"இன்னிக்காவது சொல்லிடுங்க. இடிக்கப்போற ரூமுக்கு எதுக்கு ஓடு மாத்தணும்னு, மூணு வருஷமா மழைக்கு வாளி வச்சுட்டுத் தூங்குறேன்."

அவர் முகம் வெளுத்தது. "ஐயோ, எனக்கு இது தெரியாமப் போச்சே!"

மடிப்பெல்லாம் இற்றுப்போன வரைபடத்தை அவசரமாகத் தையல் மேஜையில் விரித்தார்.

"நான் தப்பான எல்லைக்கல்லுலேருந்து அளந்துட்டேன்னு சர்வேயர் அன்னிக்கே சொல்லிட்டாருங்க. உங்க ரூம் உங்க இடத்துலதான் இருக்கு. நான்தான் உங்க இடத்துக்குள்ள வந்திருக்கேன். கோடு என் கட்டிலுக்கு நட்ட நடுவுல போகுது."

"என்னது?"

"ஒரு தலகாணி என் இடத்துல. இன்னொண்ணு உங்க இடத்துல."

பட்டனில்லாத கழுத்துப்பட்டையைக் கையால் பிடித்துக்கொண்டார்.

"மூணு வருஷமா அது காலியாத்தான் கிடக்கு. என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு... உங்க இடத்துக்கே வந்துடுறீங்களா?"