ஜீப்புக்குள் சத்தம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் நாலு பேர்: பஞ்சு மாஸ்டர், ஜீப்காரர், அவர் மனைவி, அவர் அம்மா. நாலு பேரையும்விட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு ஜீப் நின்றது.

காடு மேடெல்லாம் ஓடும் ஜீப் மாதிரி வண்டிகளுக்குள் சூட்டையும் சத்தத்தையும் அடக்குவதுதான் மாஸ்டரின் பிழைப்பு. எந்நேரமும் எதையாவது எங்காவது அடைத்துக்கொண்டிருப்பதால் வந்த பெயர்தான் பஞ்சு.

பத்து நாளுக்கு முன் ஜீப்காரர் வந்து நின்ற கோலத்தைப் பார்த்து மாஸ்டரே பயந்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க மாஸ்டர். இல்லன்னா பெட்டியத் தூக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்னு வீட்டுக்காரி சொல்லிட்டா. இந்தத் தடவை நிஜமாவே போயிடுவா."

ஒரு ஜீப்புக்காகவா என்று மாஸ்டர் கேட்கவில்லை. மேடு பள்ளத்தில் அந்த வண்டிக்குள் அரை மணி உட்கார்ந்தவர்கள் எந்த முடிவுக்கும் வருவார்கள் என்பது அவர் அனுபவம்.

சீட்டைக் கழற்றி, தகரம் தெரிந்த இடமெல்லாம் தார் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்தினார். இன்ஜினுக்கும் காலடிக்கும் நடுவே வெள்ளித்தாள் போர்த்திய பஞ்சு, கூரைக்குள் நுரை ஷீட், கதவுகளுக்குப் புது ரப்பர், கண்ணாடிக்குக் கருப்பு ஃபிலிம். தட்டினால் தகர டப்பாவாக அலறிய கதவு, இப்போது தலையணையைக் குத்தினாற்போல் அமுங்கியது. வண்டி நிழலில் சும்மா நின்றாலும் உள்ளே ஒரு மணி நேரம் உட்கார முடிய வேண்டும் என்று ஜீப்காரர் மூன்று தடவை போன் செய்திருந்தார். அதையும் செய்தார்.

இன்று இன்ஜினை ஓடவிட்டு, உள்ளே உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள் என்றார் மாஸ்டர். ஜீப்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு, மாஸ்டரை உள்ளே தள்ளிக் கத்தச் சொன்னார். தான் வெளியே நின்று கதவில் காதை வைத்துக்கொண்டார்.

மாஸ்டர் முதலில் வண்டி நம்பரைக் கத்தினார். பிறகு ஜீப்காரரின் கஞ்சத்தனத்தைப் பற்றி, வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினார். வெளியே வந்தபோது ஜீப்காரர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

இதற்குள் ஜீப்காரரின் அம்மா ஃபேனுக்கு அடியில் நாற்காலியை இழுத்துப் போட்டு வீட்டுக் கதையை ஆரம்பித்திருந்தார். மூன்று அறை, எட்டுப் பேர், நடுவில் பலகைத் தடுப்பு. ஒருவர் தும்மினால் ஏழு பேர் திரும்பிப் பார்க்கிற வீடு. அந்த வீட்டில் மகனும் மருமகளும் ஒருவரையொருவர் கடிந்து ஒரு வார்த்தை பேசி அவர் கேட்டதே இல்லையாம்.

"பார்த்துக் கட்டி வச்சது யாரு, நான்ல" என்று முடித்தார்.

மருமகள் ஜீப்பை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கதவு ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்தாள். புருஷனைப் பார்த்துத் தலையசைத்தாள்.

ஓட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று மாமியாரும் எழுந்தார். "நீங்க உக்காருங்க அத்தை, இதோ வந்துடுறோம்" என்றாள் மருமகள்.

இருவரும் ஏறிக்கொண்டார்கள். இன்ஜின் சத்தம் வரவில்லை. வண்டி ஒரு அடிகூட நகரவில்லை. கருப்புக் கண்ணாடிக்குள் ஒன்றும் தெரியவில்லை.

நாற்பது நிமிடம் போயிற்று. மாமியார் இரண்டாவது டீயையும் குடித்துவிட்டு, புது வண்டி மாதிரி ஆகிவிட்டதல்லவா, ஆசையாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்றார். மாஸ்டரோ, புது ரப்பர் கதவைக் கவ்விக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டார்களோ என்று ஓடிப் போய்த் தட்டினார்.

கதவு நாலு விரல் அளவு திறந்தது. மருமகளின் முகம் சிவந்திருந்தது, கொண்டை அவிழ்ந்திருந்தது. பக்கத்தில் ஜீப்காரர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வேலையில ஏதாவது குறையாம்மா?"

"உங்க வேலையில ஒரு குறையும் இல்லண்ணே. குடிக்கத் தண்ணி மட்டும் குடுங்க." குரல் கட்டியிருந்தது.

மாஸ்டர் பாட்டிலை நீட்டிவிட்டு, இன்னும் நேரமாகுமா என்று கேட்டார்.

அவள் மாமியார் இருந்த பக்கம் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"இப்பத்தானேண்ணே வாயைத் திறந்து சண்டை போட ஒரு இடம் கிடைச்சிருக்கு. ஆரம்பத்துலேர்ந்து ஒண்ணொண்ணா வர்றோம், கல்யாணத்தன்னைக்கு நடந்ததையே இன்னும் தாண்டல."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே பூட்டு விழுந்தது.